அவசர சிகிச்சையின் தரத்தை நோயாளியிடம் கேட்டு அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

‘எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியாக இருந்ததா?’ அவசர சிகிச்சைப் பிரிவில் வைக்கப்படும் கருத்துப் படிவங்கள் பல இந்தக் கேள்வியோடுதான் தொடங்குகின்றன. பிழைத்துக்கொண்ட நிம்மதியில் இருப்பவர் ‘ஆம்’ என்று டிக் அடித்துவிட்டுப் போவார். மணிக்கணக்கில் வலியோடு உட்கார்ந்திருந்து, டாக்டரைப் பார்க்காமலே எழுந்து போனவர் அந்தப் படிவத்தைத் தொட்டிருக்கவே மாட்டார். மாதக் கடைசியில் ‘92 சதவீதம் திருப்தி’ என்று அறிக்கை வரும். அதை வைத்துக்கொண்டு எந்த வேலையையும் திருத்த முடியாது, ஏனென்றால் எங்கே பிசகியது என்று அந்த எண் சொல்லாது.

இந்த வழிகாட்டி அவசரப் பிரிவின் தரப் பொறுப்பாளர்கள், நர்ஸிங் மேற்பார்வையாளர்கள், இந்த வேலையில் புதிதாக இறங்கும் ஆய்வாளர்கள் ஆகியோருக்கானது.

படி 1: எதை அளக்கப்போகிறோம் என்பதை முடிவு செய்யுங்கள்

மருத்துவத் தர ஆய்வின் முன்னோடியான அவேடிஸ் டொனபீடியன் 1966-ல் மருத்துவத் தரத்தைக் கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என்று மூன்றாகப் பிரித்துக் காட்டினார். கட்டில் எண்ணிக்கையையும் இயந்திரங்களையும் பதிவேட்டிலிருந்தே எடுத்துவிடலாம். நோயாளியைத் தேடிப் போக வேண்டியது மற்ற இரண்டுக்காகத்தான்.

நோயாளியிடம் கேட்பதிலும் மூன்று வகை உண்டு. மூன்றையும் ஒரே படிவத்தில் கலந்து, ஒரே மதிப்பெண்ணாகக் கூட்டிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. வலியை எடுத்துக்கொள்வோம். ‘வலிக்குச் செய்த சிகிச்சை திருப்தியா?’ என்பது திருப்தி. ‘வலி இருப்பதாகச் சொன்ன பிறகு மருந்து கொடுக்க எவ்வளவு நேரம் ஆனது?’ என்பது அனுபவம். ‘கிளம்பும்போது வலி 0 முதல் 10-க்குள் எவ்வளவு?’ என்பது விளைவு. திருப்தி என்பது எதிர்பார்ப்பைப் பொறுத்தது. எதையும் எதிர்பார்க்காமல் வந்தவர் எதற்கும் திருப்திப்படுவார், ஆகவே மோசமான பிரிவும் நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். அமெரிக்காவில் 50,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களின் தரவைக் கொண்டு 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், திருப்தி மிக அதிகமாக இருந்த பிரிவினரிடம் மருத்துவச் செலவும் இறப்பு விகிதமும் கூடுதலாகவே இருந்தன. திருப்திதான் அதற்குக் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. ஆனாலும் திருப்தியைத் தரத்துக்கு மாற்றாக வைத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இது போதும். எங்கள் பரிந்துரை: திருப்திக்கு ஒரே ஒரு கேள்வி, அதுவும் கடைசியில்.

விளைவை அளப்பதில் அவசரப் பிரிவுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. மூட்டு அறுவை சிகிச்சை என்றால் முன்பும் பின்பும் அளந்து வித்தியாசம் பார்க்கலாம். இங்கே ‘முன்பு’ என்பது யாரிடமும் கிடையாது. நோய்களும் ஒன்றுபோல இல்லை: ஒருவருக்கு நெஞ்சுவலி, அடுத்தவருக்குக் கணுக்கால் சுளுக்கு. கனடாவில் இதை ஆராய்ந்தவர்கள், எந்த நோயோடு வந்தவரும் வீட்டுக்கு எடுத்துப்போக விரும்புவது நான்கு என்று கண்டார்கள். தனக்கு என்ன, இது எப்படிப் போகும் என்ற தெளிவு, தொந்தரவு குறைதல், பயம் நீங்குதல், அடுத்து என்ன செய்வது என்ற திட்டம். வீடு திரும்புகிறவர்களின் வினாநிரலுக்கு இதைவிட நல்ல முதுகெலும்பு கிடையாது.

படி 2: நோயாளி போகும் வழியில் நீங்களும் போய்ப் பாருங்கள்

கேள்வி எழுத உட்காருவதற்கு முன் இரண்டு வேலைகள். முதலாவது, வாசலில் தொடங்கி டிஸ்சார்ஜ் வரை, அனுமதி பெற்று ஐந்தாறு நோயாளிகளோடு கூடவே இருங்கள். பகல் ஷிஃப்டில் மட்டும் பார்த்தால் போதாது, இரவிலும் வார இறுதியிலும் பாருங்கள். யார் வந்து பேசினார்கள், எத்தனை இடத்தில் காத்திருந்தார்கள், ஒரே விஷயத்தை எத்தனை முறை சொல்ல நேர்ந்தது என்று நேரத்தோடு குறியுங்கள். இரண்டாவது, வீடு திரும்பிய பத்துப் பதினைந்து பேரிடம் அரை மணி நேரம் பேசுங்கள். புதிய விஷயம் எதுவும் வராமல் சொன்னதே திரும்ப வரத் தொடங்கினால் நிறுத்திக்கொள்ளலாம். ‘கட்டிலைச் சுற்றித் திரை போடாமலே சட்டையைக் கழற்றச் சொன்னார்கள்’, ‘டாய்லெட் போக யாரைக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை’ என்பதெல்லாம் கமிட்டி அறையில் உட்கார்ந்தால் தோன்றாத கேள்விகள்.

படி 3: யாரைக் கேட்பது

இந்தப் படி சரியாக அமையவில்லை என்றால் மற்றவை எவ்வளவு நேர்த்தியாக இருந்தும் பயனில்லை. அவசரப் பிரிவு அனுபவத்தைக் கேட்கும் அமெரிக்காவின் ‘இ.டி. கேப்ஸ்’ (ED CAHPS) வினாநிரல் வீடு திரும்பிய 18 வயது நிரம்பியவர்களுக்கென்று எழுதப்பட்டது. இங்கிலாந்தின் தேசிய அவசர சிகிச்சைக் கருத்தாய்வு 16 வயதிலிருந்து எடுக்கிறது. எல்லை எதுவானாலும் அதை முன்கூட்டியே எழுதிவைத்து, மாதத்துக்கு மாதம் மாற்றாமல் இருக்க வேண்டும்.

பட்டியலைப் பதிவேட்டிலிருந்து எடுங்கள், அன்று யார் எதிரில் இருக்கிறாரோ அவரைப் பிடிக்காதீர்கள். நர்ஸே ஆளைத் தேர்ந்தெடுத்தால் சிரித்த முகமாக இருப்பவரிடம்தான் படிவம் போகும். அது மனித இயல்பு, யாரையும் குறை சொல்ல முடியாது. ‘மாதத்தில் பதிவான எல்லா வருகைகளிலும் ஒவ்வொரு 8-ஆவது பெயர்’ என்பது போன்ற இயந்திர விதி இருந்தால் போதும். ஒருவர் அதே மாதத்தில் மூன்று முறை வந்திருந்தால் ஒரு தடவைதான் கேட்க வேண்டும்.

விட்டுப்போகிறவர்கள்தான் முக்கியம். டாக்டரைப் பார்க்காமல் கிளம்பியவர்கள் பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டும். அவர்களுக்குத் தனியாக நான்கைந்து கேள்வி போதும்: ஏன் போனீர்கள், போவதாக யாரிடமாவது சொன்னீர்களா, பிறகு வேறெங்காவது காட்டினீர்களா, உடம்பு இப்போது எப்படி இருக்கிறது. மயக்கத்தில் வந்தவர், நினைவாற்றல் குறைந்த முதியவர், குழந்தை ஆகியோருக்காக உடன் வந்தவர் பதில் சொல்லலாம். ஆனால் பதில் சொன்னது யார் என்பதைப் பதிவு செய்து, தனியாகவே கணக்கிடுங்கள். அடுத்தவரின் வலியை உடன் வந்தவரால் சரியாக மதிப்பிட முடியாது. காத்திருப்பையும் ஊழியர் பேசிய விதத்தையும் அவர் நன்றாகவே சொல்வார்.

இறந்தவரின் வீட்டுக்கு வழக்கமான படிவம் ஒருபோதும் போகக்கூடாது. தொடர்புகொள்ளும் நாளுக்கு முந்தின நாள் இறப்புப் பதிவோடு பட்டியலை இன்னொரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள், ஏனென்றால் டிஸ்சார்ஜ் ஆன பிறகு வீட்டில் இறந்தவரும் இருக்கலாம். குடும்ப வன்முறை, பாலியல் தாக்குதல், தற்கொலை முயற்சி தொடர்பாக வந்தவர்களின் போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அதை வீட்டில் யார் படிப்பார்கள் என்று சொல்ல முடியாது. அவர்களைப் பொதுப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, பாதுகாப்பான வேறு வழியில் மட்டும் கேளுங்கள்.

படி 4: கேள்விகளை எழுதுதல்

நல்ல கேள்வி நடந்ததைக் கேட்கும். ‘டாக்டர்கள் கனிவாகவும் தெளிவாகவும் பேசினார்களா?’ என்பதில் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. கனிவாகப் பேசிவிட்டு எதையும் விளக்காமல் போன டாக்டருக்கு என்ன பதில் சொல்வது? ‘உங்களுக்கு என்ன ஆகியிருக்கிறது என்பதை உங்களுக்குப் புரியும்படி டாக்டர் சொன்னாரா?’ என்று ஒன்றை மட்டும் கேளுங்கள். ‘முழுமையாக / ஓரளவு / இல்லை / யாரும் எதுவும் சொல்லவில்லை’ என்று பதில்களைக் கொடுங்கள். அந்த நான்காவது பதில் அவசியம். அது இல்லையென்றால், விளக்கமே கிடைக்காதவரும் விளக்கம் புரியாதவரும் ஒரே பெட்டியில் போய் விழுவார்கள். இருவருக்கும் செய்ய வேண்டிய திருத்தம் வேறு வேறு.

பொருந்தாதவருக்கு விலகிச் செல்ல வழி கொடுங்கள். வலியே இல்லாமல் வந்தவரிடம் வலி நிவாரணம் பற்றிக் கேட்டால், ஏதோ ஒன்றில் டிக் அடித்துவிட்டுப் போவார். ‘வலி இருந்ததா?’ என்று முதலில் கேட்டு, இல்லை என்றால் அடுத்த பகுதிக்கு அனுப்பிவிடுங்கள்.

‘இந்தப் பிரிவை நண்பர்களுக்கும் குடும்பத்தினருக்கும் பரிந்துரைப்பீர்களா?’ என்ற கேள்வி பிரபலமானது. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை 2013 ஏப்ரலில் அவசரப் பிரிவுகளில் இதைக் கொண்டுவந்தது, 2020 ஏப்ரலில் ‘மொத்தத்தில் உங்கள் அனுபவம் எப்படி இருந்தது?’ என்று மாற்றியது. கடையையோ ஓட்டலையோ பரிந்துரைக்கலாம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸில் வருகிறவர் எந்த மருத்துவமனை என்று தேர்ந்தெடுத்தா வருகிறார்?

காத்திருந்த நேரத்தை இரண்டு விதமாக எடுக்க வேண்டும். பதிவேட்டின் கடிகாரம் ஒன்று, நோயாளி உணர்ந்த நேரம் மற்றொன்று. திருப்தியோடு நெருக்கமாக நிற்பது பின்னதுதான் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ‘முதல்முறை டாக்டர் வந்து பார்க்க எவ்வளவு நேரம் ஆனது?’ என்று நிமிட இடைவெளிகளில் கேளுங்கள். கூடவே ‘எவ்வளவு நேரம் ஆகலாம் என்று யாராவது சொன்னார்களா?’ என்றும் கேளுங்கள். முடிவு தெரியாத காத்திருப்புதான் நீளமாகத் தெரியும். இரு நேரங்களுக்கும் இடையே பெரிய பள்ளம் இருந்தால், டாக்டர் எண்ணிக்கையைப் பார்க்கும் முன் தகவல் சொல்லும் முறையைப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: பதிவேட்டின் கடிகாரம் ரெஜிஸ்ட்ரேஷனில் தொடங்கும், நோயாளியின் கடிகாரம் கேட்டுக்குள் கால் வைத்ததும் தொடங்கிவிடும். ரெஜிஸ்ட்ரேஷன் வரிசையில் நின்ற 20 நிமிடம் பல இடங்களில் எந்தக் கணக்கிலும் வராது. மறுபக்கம், ட்ரையாஜ் நர்ஸைச் (வந்ததும் விசாரித்து, யாருக்கு எவ்வளவு அவசரம் என்று பிரிப்பவரை) சில நோயாளிகள் டாக்டர் என்று நினைத்துப் பதில் சொல்வார்கள். ‘முதலில் விசாரித்த நர்ஸைத் தவிர்த்து’ என்று கேள்வியிலேயே சேர்த்துவிடுங்கள்.

மொத்தம் 20 முதல் 25 கேள்விகளுக்கு மேல் வேண்டாம். நோயாளி கடந்துவந்த வரிசையிலேயே கேட்டால் நினைவு தானாக வரும்: வருகை, ட்ரையாஜ், காத்திருப்பு, டாக்டரும் நர்ஸும், வலி, ஸ்கேன் மற்றும் பரிசோதனைகள், அந்தரங்கமும் மரியாதையும், டிஸ்சார்ஜ், வீட்டில் கழிந்த நாட்கள். கடைசியில் வயது, படிப்பு, தன் பொது ஆரோக்கியம் பற்றிய சொந்த மதிப்பீடு. இவை ஏன் என்பதைப் படி 7-இல் காணலாம்.

எழுதி முடித்ததும் எட்டுப் பத்து பேரை உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் வாயால் விளக்கச் சொல்லுங்கள். ‘அந்தரங்கம் காக்கப்பட்டதா?’ என்பதைச் சிலர் திரை போட்டதாகவும், சிலர் தன் நோயை மற்றவர் காதில் விழாமல் பேசியதாகவும் எடுத்துக்கொள்வார்கள். அப்போது அதை இரண்டாக உடைக்க வேண்டியதுதான். வேறு மொழியிலிருந்து எடுத்தாளும் வினாநிரல் என்றால் இருவர் தனித்தனியே மொழிபெயர்த்து, இணக்கம் கண்டு, மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் திருப்பி மொழிபெயர்த்துச் சரிபார்க்க வேண்டும். அதன் பிறகும் இந்த வாய்மொழிச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது.

படி 5: புரிந்ததா என்று கேட்காதீர்கள், சோதித்துப் பாருங்கள்

‘டிஸ்சார்ஜ் அறிவுரை புரிந்ததா?’ என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். 2009-ல் அமெரிக்காவில் 140 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்றில், 78 சதவீதத்தினரின் புரிதலில் ஏதாவது ஒரு பகுதியிலாவது குறை இருந்தது. அந்தக் குறை இருந்த இடங்களில் ஐந்தில் ஒரு முறைதான் தனக்குப் புரியவில்லை என்பதை நோயாளி உணர்ந்திருந்தார். தனக்குத் தெரியாதது எது என்று தெரியாதவரிடம் கேட்டு என்ன பயன்?

ஆகவே வாரத்துக்கு 10 பேரை எடுத்து, கிளம்பும் நேரத்தில் சிகிச்சைக் குழுவைச் சேராத ஒருவர் ஐந்து விஷயங்களைத் திருப்பிச் சொல்லவைக்க வேண்டும்: என்ன நோய் என்று சொன்னார்கள், எந்த மருந்தை எத்தனை வேளை, வீட்டில் செய்யக்கூடியதும் கூடாததும், எப்போது யாரிடம் மறுபடி காட்டுவது, எந்த அறிகுறி வந்தால் உடனே திரும்பி வருவது. கேஸ் ஷீட்டோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண் கொடுங்கள். பூஜ்யம் வந்தால் ஏட்டில் குறித்துவிட்டு அப்படியே அனுப்பிவிடக்கூடாது, அங்கேயே நர்ஸை அழைத்து விளக்கவைத்துத்தான் அனுப்ப வேண்டும்.

படி 6: எப்போது, யார் கேட்பது

வாசலிலேயே கேட்டால் பதில் எண்ணிக்கை கூடும், உண்மை குறையும். இன்னும் சிகிச்சைக்கு வரவேண்டிய இடம் என்ற தயக்கம் இருக்கும், வண்டி காத்திருக்கும். மாதம் கழித்துக் கேட்டால் நினைவு மங்கியிருக்கும். வீடு திரும்பியவர்களுக்கு 3-ஆம் நாளிலிருந்து 7-ஆம் நாளுக்குள் என்பது நடைமுறையில் ஒத்துவருகிறது. மருந்தை வாங்கி, சாப்பிட்டுப் பார்த்து, திட்டம் நடக்கிறதா இல்லையா என்று அதற்குள் தெரிந்திருக்கும். வார்டில் சேர்க்கப்பட்டவர்களை வார்டிலிருந்து வீடு போன பிறகு கேளுங்கள். அவசரப் பிரிவில் கழிந்த நேரத்தை மட்டும் சொல்லும்படி தொடக்கத்திலேயே நினைவூட்டுங்கள், இல்லாவிட்டால் வார்டின் குறைகளும் சேர்ந்து வரும்.

போனில் ஆள் பேசிக் கேட்டால், தானே நிரப்பும் படிவத்தைவிடப் பதில்கள் சற்று இனிப்பாகவே வரும். முகம் கோணாமல் பேசும் ஒருவரிடம் ‘மோசம்’ என்று சொல்ல மனம் வராது. எந்த முறையும் தவறில்லை, ஆனால் பாதி வருடம் போன், பாதி வருடம் குறுஞ்செய்தி என்று மாற்றினால் வரும் வித்தியாசம் முறையால் வந்ததா, தரத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது. குறுஞ்செய்தியோடு தொடங்கி, 3 நாளில் பதில் வராதவர்களுக்குப் போன் செய்வது நல்ல கலவை. வெவ்வேறு நேரங்களில், மாலையையும் வார இறுதியையும் சேர்த்து, 5 முறை முயன்ற பிறகே ‘கிடைக்கவில்லை’ என்று எழுதுங்கள். பேசுகிறவர் அந்தப் பிரிவின் ஊழியராக இருக்கக்கூடாது. பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் சிகிச்சையில் மாற்றம் வராது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும்.

பேச்சின் நடுவே ‘அந்த மாத்திரை போட்டதிலிருந்து மூச்சு வாங்குகிறது’ என்று ஒருவர் சொல்லக்கூடும். அப்போது அழைப்பை யாருக்கு மாற்றுவது என்ற எண் அழைப்பவரின் மேசையில் இருக்க வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாமல் வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

படி 7: கணக்கு

100 பதில்களில் ஒரு சதவீதத்தைச் சொன்னால் பிழை வரம்பு கூடியபட்சம் இருபுறமும் சுமார் 10 புள்ளி, 400 பதில்களில் சுமார் 5. நான்கில் ஒருவர் பதில் சொல்லும் இடத்தில் 400 வேண்டுமென்றால் 1,600 பேரைத் தொடர்புகொள்ள வேண்டும்.

சராசரி மதிப்பெண்ணை நம்பாதீர்கள். ஐந்துக்கு எல்லோரும் 4 கொடுத்தாலும் சராசரி 4, பாதிப் பேர் 5-உம் மீதிப் பேர் 3-உம் கொடுத்தாலும் சராசரி 4. இரண்டும் ஒரே பிரிவு அல்ல. மிகச் சிறந்த பதிலைத் தேர்ந்தவர்கள் எத்தனை சதவீதம், மிக மோசமானதைத் தேர்ந்தவர்கள் எத்தனை சதவீதம் என்று இரண்டையும் தனித்தனியே காட்டுங்கள். எங்களைக் கேட்டால், வேலையைத் திருத்த உதவுவது இரண்டாவது எண்தான்.

பதில் சொன்னவர்களின் கலவையை வருகிறவர்களின் உண்மையான கலவைக்கு ஏற்பச் சரிசெய்வதை எடை போடுவது என்பார்கள். அது எப்படி என்று ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். வருகிறவர்களில் 60 சதவீதம் அவசரம் குறைந்தவர்கள், 40 சதவீதம் தீவிரமானவர்கள். ஆனால் பதில் சொன்னவர்களில் இது 80-க்கு 20. முதல் குழுவில் 50 சதவீதமும் இரண்டாவதில் 75 சதவீதமும் நல்ல பதில் தந்தால், அப்படியே கூட்டும்போது 55 வரும். உண்மை விகிதப்படி எடை போட்டால் 60. பதில் சொன்ன ஆட்களின் கலவை மாறியதால் மட்டுமே 5 புள்ளி நழுவிவிட்டது. இரண்டு பிரிவுகளை ஒப்பிடும்போது ட்ரையாஜ் நிலை, வயது, படிப்பு, சொந்த ஆரோக்கிய மதிப்பீடு ஆகியவற்றுக்கும் சரிக்கட்ட வேண்டும். பொதுவாக முதியவர்கள் தாராளமாக மதிப்பெண் போடுவார்கள், தன் ஆரோக்கியம் மோசம் என்று கருதுகிறவர்கள் குறைவாகப் போடுவார்கள். தன்னுடைய பிரிவைத் தன்னோடே மாதாமாதம் ஒப்பிடுபவருக்கு இந்தச் சரிக்கட்டல் அவ்வளவு அவசரமில்லை.

திறந்த கருத்துகளையும் ஒதுக்கிவிடாதீர்கள். இருவர் தனித்தனியே படித்து, எந்த இடத்தில் நடந்தது, எது சம்பந்தப்பட்டது, எவ்வளவு தீவிரம் என்று மூன்று குறியீடு போடட்டும். பத்தில் இரண்டுக்கு மேல் வேறுபட்டால் குறியீட்டு விளக்கம் போதவில்லை என்று பொருள்.

படி 8: எண்ணைப் பிரிவுக்குத் திருப்பிக் கொடுத்தல்

‘போன மாதம் 72, இந்த மாதம் 66, என்ன செய்கிறீர்கள்?’ என்று கூட்டத்தில் கேட்பதுதான் இந்த அளவீட்டை விரைவில் கொல்லும் வழி. வழக்கமாக 70 சதவீதம் வரும் ஒரு கேள்வியில் மாதம் 50 பதில்கள் மட்டும் வந்தால், எதுவுமே மாறாமல் அந்த எண் 51-க்கும் 89-க்கும் இடையே ஆடலாம். மாதம் 200 பதில்கள் வந்தால் இந்த எல்லை 60-இலிருந்து 80 ஆகச் சுருங்கும். (கணக்கு: விகிதத்தை அதன் மீதியோடு பெருக்கி, பதில் எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, மூன்றால் பெருக்கி, இருபுறமும் வையுங்கள்.) மாதாந்திர எண்களை நடுக்கோட்டோடும் இந்த எல்லைகளோடும் சேர்த்துக் காட்டும் கட்டுப்பாட்டு வரைபடம் (control chart) போட்டு, புள்ளி எல்லையைத் தாண்டினாலோ, தொடர்ந்து 8 புள்ளிகள் நடுக்கோட்டின் ஒரே பக்கம் நின்றாலோ மட்டும் காரணம் தேடுங்கள்.

எந்தக் கேள்வியை முதலில் எடுப்பது? மோசமான பதில் அதிகமாகவும், மொத்த அனுபவத்தோடு நெருங்கியும், பிரிவின் கைக்குள்ளேயே திருத்தக்கூடியதாகவும் இருப்பதை எடுங்கள். கட்டில் பற்றாக்குறை நர்ஸின் கையில் இல்லை. காத்திருப்பவர்களிடம் அரை மணிக்கு ஒருமுறை நிலைமையைச் சொல்வது கையில் இருக்கிறது.

மதிப்பெண்ணைச் சம்பளத்தோடோ ஊக்கத்தொகையோடோ கட்டினால், சில மாதங்களில் எண் உயரும், சிகிச்சை அப்படியே இருக்கும். ‘போன் வந்தால் நல்லதாகச் சொல்லுங்கள்’ என்று டிஸ்சார்ஜ் மேசையில் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். இது நடக்கிறதா என்று கண்டுபிடிக்க, ‘எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று யாராவது சொன்னார்களா?’ என்பதையும் வினாநிரலில் வைக்கலாம்.

ஐந்தாறு அடிப்படைக் கேள்விகளைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் ஒரு சொல்கூட மாற்றாமல் வைத்திருங்கள். மற்றவற்றில், தொடர்ந்து 95 சதவீதத்துக்கு மேல் நல்ல பதில் வரும் கேள்வி இனி எதையும் சொல்லப்போவதில்லை, அதை எடுத்துவிட்டு இடத்தைப் புதியதற்குக் கொடுங்கள். ஒரு கேள்வியின் சொற்களை மாற்றியே ஆக வேண்டும் என்றால், பதில் சொல்பவர்களைக் குலுக்கலில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழைய வடிவத்தையும் மறுபாதிக்குப் புதியதையும் கொடுங்கள். ஒவ்வொரு பக்கமும் 400 பதில்கள் சேரும்வரை இப்படியே ஓட்டினால், சொல் மாற்றத்தால் மட்டும் எத்தனை புள்ளி நகர்ந்தது என்பது தெரியும். வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, நடுக்கோட்டை அங்கிருந்து புதிதாகத் தொடங்குங்கள்.